ஓவன் மீது பழி போடுமுன்: பேக்கிங் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனக்குறையைச் சொல்கின்றன. செய்முறையில் உள்ளபடிதான் செய்தேன், ஆனாலும் கேக் சரியாக வரவில்லை, ஓவனில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்கிறார்கள். ஓவனும் சில நேரங்களில் காரணமாவது உண்டு. ஆனால் கடிதத்தோடு நீங்கள் எழுதி அனுப்பிய பொருள் பட்டியலைப் படித்துப் பார்த்தால், தவறு பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. ஒன்றைப் போலவே தோன்றும் இன்னொன்றை மாற்றிப் போட்டிருப்பீர்கள், அல்லது பொருள் சரியாக இருந்து அளவு மாறியிருக்கும். பலருக்கும் பொதுவான கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 250 கிராம் மைதா, 240 மி.லி. பால், 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்துச் செய்யும் கேக் இது. வீட்டில் பேக்கிங் பவுடர் தீர்ந்துபோயிருந்ததால் அதே அளவு பேக்கிங் சோடா போட்டேன். கேக் உப்பியது, ஆனால் பிறகு அமுங்கிவிட்டது. நிறம் வழக்கத்தைவிடக் கறுத்தும், வாயில் வைத்தால் கசப்பும் சோப்பு வாடையுமாகவும் இருந்தது. சோடா கெட்டுப்போயிருக்குமா?

பதில்: சோடா கெட்டுப்போகவில்லை. நல்ல சோடாவாக இருந்ததால்தான் அந்தக் கசப்பு வந்தது. பெயரும் நிறமும் ஒன்றுபோல இருப்பதால் இவை இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் மிகப் பலர். பேக்கிங் சோடா என்பது சோடியம் பைகார்பனேட் மட்டுமே. அது காரத்தன்மை உடையது, அதாவது புளிப்புக்கு நேர் எதிரான தன்மை; மிளகாயின் காரம் அல்ல. தயிர், மோர், எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற ஏதாவது ஒரு புளிப்பு அதனுடன் சேரும்போது கரியமில வாயு வெளிவந்து கேக்கை உப்ப வைக்கிறது, காரமும் புளிப்பும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. பேக்கிங் பவுடரிலோ அந்தச் சோடாவுடன் அதற்குத் தேவையான புளிப்பு உப்புகளும், ஈரத்தை இழுத்துக்கொள்வதற்காகச் சிறிது சோள மாவும் முன்கூட்டியே கலந்திருக்கும். உங்கள் செய்முறையில் புளிப்பான பொருள் எதுவும் இல்லாததற்குக் காரணம், அந்தப் புளிப்பு பவுடருக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான்.

நீங்கள் போட்ட சோடாவுக்குப் புளிப்புத் துணை கிடைக்காததால், ஓவனின் சூட்டிலேயே அது சிதைந்து வாயுவை விட்டுச் சோடியம் கார்பனேட்டாக மாறிவிட்டது. உங்களுக்குத் தெரிந்த சோப்பு வாடை அதனுடையதுதான். மாவும் சர்க்கரையும் பழுப்பாவதைக் காரத்தன்மை விரைவுபடுத்தும் என்பதால் நிறமும் கறுத்துவிட்டது. இதோடு அளவும் சேர்ந்துகொண்டது. பேக்கிங் சோடாவின் வலு பேக்கிங் பவுடரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே நீங்கள் போட்ட 2 டீஸ்பூன் சோடா 6 டீஸ்பூன் பவுடருக்குச் சமம்.

மீண்டும் இதே நிலை வந்தால் பால் முழுவதையும் எடுத்துவிட்டு, அதே 240 மி.லி. அளவுக்கு நன்றாகப் புளித்த, சற்றுக் கெட்டியான மோரை ஊற்றி, அரை டீஸ்பூன் சோடா மட்டும் போடுங்கள். மோர் இல்லையென்றால் 1 டேபிள் ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றின் மேல் 240 மி.லி. வரும்வரை பால் ஊற்றிச் சில நிமிடங்கள் வைத்துப் பயன்படுத்தலாம். ஈரம் பட்டதுமே சோடா வேலையைத் தொடங்கிவிடும் என்பதால் கலவையைக் காக்க வைக்கக் கூடாது. ஓவனை முதலில் சூடாக்கிவிட்டுப் பிறகு கலக்குங்கள். கடைகளில் கிடைக்கும் பேக்கிங் பவுடர்களில் பெரும்பாலானவை ஈரத்தில் ஒரு பகுதியும் சூட்டில் மறு பகுதியுமாக இரண்டு முறை வாயுவை விடுபவை. அதனால் அவற்றில் இந்த அவசரம் சற்றுக் குறைவு.

கேள்வி: கேக் பஞ்சுபோல வர வேண்டும் என்று 2 டீஸ்பூனுக்குப் பதிலாக 4 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட்டேன். ஓவனுக்குள் அழகாக எழும்பிய கேக், வெந்து முடிப்பதற்குள் நடுவில் குழிந்துவிட்டது. பவுடர் பழையது என்பதாலா?

பதில்: பழைய பவுடராக இருந்தால் கேக் எழும்பியே இருக்காது. வாயு அளவுக்கு மீறிப் போனதே காரணம். கேக்கின் உள்ளே முட்டையும் மாவும் வெந்து இறுகி ஒரு சட்டம்போல நிற்கத் தொடங்குவதற்கு முன்பே குமிழிகள் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே வந்து உடைந்துவிடுகின்றன. தாங்க எதுவும் இல்லாத கலவை, கடைசியாக வேகும் பகுதியான நடுவில் உட்கார்ந்துவிடுகிறது. ஏறக்குறைய 120 கிராம் மைதாவுக்கு 1 டீஸ்பூன் பவுடர் என்பது நெடுநாள் பழக்கத்தில் வந்த அளவு. தானாக உப்பும் மாவு என்று விற்கப்படும் மைதாவை வாங்கியிருந்தால் அதிலேயே பவுடரும் உப்பும் கலந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாக்கெட்டின் பெயரை முழுவதும் படிக்காமல் அதில் மேலும் பவுடர் சேர்த்தவர்களின் கடிதங்கள் தனியாகவே மூன்று வந்திருக்கின்றன.

பழைய பவுடர் பற்றிக் கேட்டதால் சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அரை டீஸ்பூன் பவுடரைச் சூடான நீரில் போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சோடாவை இப்படிச் சோதிப்பது சரியாக இருக்காது. அதன் மீது சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். ஈரக் கரண்டியை டப்பாவுக்குள் விடும் வழக்கம்தான் பவுடரை விரைவில் பாழாக்குகிறது.

கேள்வி: எல்லாவற்றையும் கப் கணக்கில் துல்லியமாக அளந்துதான் போடுகிறேன். இருந்தும் கேக் கனமாகவும் வறண்டும், மேலே வெடித்தும் வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வருவது ஏன் என்று புரியவில்லை.

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியம்தான் எனக்கு வழி காட்டியது. ஒவ்வொரு முறையும் முடிவு மாறுகிறது என்றால், ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் அளவு மாறுகிறது. அது பெரும்பாலும் மைதாவாகத்தான் இருக்கும், ஏனென்றால் சமையலறைப் பொருள்களில் மைதாவைப் போல அமுங்கக்கூடியது வேறில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுமுன் ஒரே கப்பையும் ஒரே டப்பா மைதாவையும் எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தேன். மாவைக் கரண்டியால் கிளறித் தளர்த்தி, கப்பில் மெதுவாக இட்டு, மேலே கத்தியின் முதுகால் வழித்தபோது 124 கிராம் இருந்தது. அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு வாரி, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி வழித்தபோது 156 கிராம் வந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே கப் மாவுதான். இரண்டரைக் கப் மைதா கேட்கும் ஒரு கேக்கில் இந்த வேறுபாடு 80 கிராம் ஆகிறது. அதாவது அதே பாலும் அதே முட்டையும் அதே வெண்ணெயும், கூடுதலாக வந்த, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கப் மாவையும் நனைக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் கேக் வறண்டு வெடிக்காமல் என்ன செய்யும்? கப்புகளும் எல்லா இடங்களிலும் ஒன்றல்ல, 240 மி.லி. கப்பும் உண்டு, 250 மி.லி. கப்பும் உண்டு. தேநீர் கலக்கும் கரண்டியை 5 மி.லி. டீஸ்பூனாகக் கருதுவதும் கூடாது.

கிராம் காட்டும் ஒரு சிறிய சமையல் தராசை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் பல முறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன். விலையுயர்ந்த அச்சுகளும் மிக்சரும் செய்யாத உதவியை அது செய்யும். அதுவரை கிளறி, இட்டு, வழிக்கும் முறையையே எப்போதும் கடைப்பிடியுங்கள்.

கனமாக வருவதற்கு மாவின் வகையும் காரணமாகலாம். கேக்குக்கென்று விற்கும் மாவில் புரதம் ஏறக்குறைய 7 முதல் 9 சதவீதம் வரையும், ரொட்டிக்கான மாவில் 12 முதல் 14 சதவீதம் வரையும் இருக்கும். அந்தப் புரதம் நீருடன் சேர்ந்து பிசையப்படும்போதுதான் குளூட்டன் என்னும் இழுவை உண்டாகிறது. ரொட்டிக்கு அந்த இழுவை உயிர்; கேக்குக்கோ அது மிகுந்தால் ரப்பர்போல ஆகிவிடும். முழுக்கோதுமை மாவு மைதாவைவிட அதிக நீரை உறிஞ்சும் என்பதால் அதைச் சம அளவில் மாற்றிப் போட்டாலும் வறட்சி வரும். எந்த மாவானாலும், ஈரப் பொருள்களுடன் சேர்த்த பிறகு வெள்ளைத் திட்டுகள் மறையும்வரை மட்டும் கலந்து நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: இனிப்பு அதிகம் வேண்டாம் என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தேன். இனிப்புக் குறைந்தது சரி, கேக் ஏன் வெளிறிப்போய் மறுநாளே உலர்ந்துவிட்டது?

பதில்: சர்க்கரையை இனிப்புக்கான பொருளாக மட்டும் நினைப்பதால் வரும் விளைவு இது. வெண்ணெயுடன் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரையின் கூரிய மணிகள்தான் கொழுப்புக்குள் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை, ஏற்கனவே அங்குள்ள காற்றறைகளைத்தான் பெரிதாக்குகிறது. சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கேக் சில நாள் மென்மையாக இருக்கிறது. குளூட்டன் இறுகுவதைத் தடுக்கிறது, முட்டையும் மாவும் இறுகும் வெப்பநிலையைச் சற்று உயர்த்திக் கேக் எழும்ப நேரம் தருகிறது, மேற்புறத்துக்குப் பொன்னிறத்தையும் தருகிறது. பாதிச் சர்க்கரையை எடுத்தபோது இவை அனைத்திலும் பாதி போய்விட்டது.

பெரும்பாலான கேக்குகளில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைத்தால் பெரிய கெடுதல் வராது. அதற்கு மேல் குறைக்க விரும்பினால், குறைந்த சர்க்கரைக்கென்றே வகுத்த வேறு செய்முறையைத் தேர்ந்தெடுங்கள். சர்க்கரைக்குப் பதிலாகத் தேன் விடுபவர்களுக்கும் ஒரு சொல்: தேனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர் இருப்பதால் செய்முறையில் உள்ள பாலையோ நீரையோ சிறிது குறைக்க வேண்டும். தேன் விரைவில் பழுப்பாகும் என்பதால் ஓவனின் சூட்டையும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை தணித்து வைக்க வேண்டும்.

கேள்வி: தட்டில் இடைவெளி விட்டு வைத்த வெண்ணெய் பிஸ்கட்கள் எல்லாம் உருகி ஒன்றாகச் சேர்ந்து ஒரே தகடாகிவிட்டன. வெண்ணெய் கெட்டியாக இருந்ததால் உருக்கிச் சேர்த்திருந்தேன்.

பதில்: விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பசை ஏறக் கூடாது. அதுதான் வெண்ணெயின் சரியான பதம். வெப்பமானியில் பார்த்தால் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்தப் பதத்தில்தான் அது காற்றைப் பிடித்துக்கொள்ளும். உருகிய வெண்ணெயால் காற்றைப் பிடிக்க இயலாது, ஓவனுக்குள் போன உடனே மாவோடு வழியவும் தொடங்கிவிடும். வடிவமிட்ட பிஸ்கட்களை அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு ஓவனில் இட்டால் விளிம்புகள் நிலைத்து நிற்கும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரொட்டியில் தடவிக்கொள்வதற்காக விற்கப்படும், கொழுப்புக் குறைத்த பொருள் வெண்ணெய் ஆகாது. வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு இருக்கும். தடவும் பொருள்கள் சிலவற்றில் அதில் பாதிதான் இருக்கும், மீதியில் பெரும்பகுதி நீர். பிஸ்கட்டில் அந்த நீர் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி: அடித்த வெண்ணெயில் முட்டையைச் சேர்த்ததும் கலவை திரிந்துபோய்விடுகிறது. தூக்கி எறிந்துவிட வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். குளிர்ந்த முட்டையை நேராக ஊற்றியிருப்பீர்கள். வெண்ணெய் குளிர்ந்து இறுகி, நீரைத் தனியே விட்டுவிட்டது. அளந்து வைத்த மைதாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சேர்த்தால் கலவை கூடி வரும். அடுத்த முறை முட்டையை முன்னதாகவே வெளியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள்.

கேள்வி: சாக்லேட் கேக்குக்குச் செய்முறையில் சொன்ன சாதாரண கோகோவுக்குப் பதிலாகக் கூடுதல் கருநிறமுள்ள உயர்ந்த ரகக் கோகோ வாங்கிப் போட்டேன். நிறம் அருமை, கேக் தட்டையாகிவிட்டது. நல்ல பொருள் போட்டும் ஏன் இப்படி?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, ஆனால் இங்கே தரத்தைவிடத் தன்மையே பெரிது. சாதாரண கோகோ இயல்பாகவே சற்றுப் புளிப்பானது. நீங்கள் வாங்கியது கார உப்புகளால் பதப்படுத்தப்பட்ட டச்சு முறைக் கோகோவாக இருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் கண்டறிந்த முறை என்பதால் அந்தப் பெயர் வந்தது. அப்படிப் பதப்படுத்தும்போது புளிப்பு நீங்கி, நிறம் கறுத்து, சுவை மென்மையாகிறது. உங்கள் செய்முறையில் உப்ப வைக்கப் பேக்கிங் சோடா மட்டும்தான் இருந்தது, அதற்குத் துணையாக இருந்த ஒரே புளிப்பு கோகோவினுடையது. கோகோவை மாற்றியதும் அந்தத் துணை போய்விட்டது. சோடா மட்டும் உள்ள செய்முறைக்குச் சாதாரண கோகோ, பேக்கிங் பவுடர் உள்ளதற்கு இரண்டில் எதுவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் பொருள் பட்டியலில் அமிலத்தன்மையைச் சமன் செய்யும் பொருளோ, பொட்டாசியம் கார்பனேட்டோ காணப்பட்டால் அது பதப்படுத்திய கோகோ.

கேள்வி: சாக்லேட்டை உருக்கும்போது திடீரென்று மணல்போலத் திரண்டுவிட்டது. தண்ணீர் சில சொட்டுகள் மட்டும்தான் பட்டிருக்கும்.

பதில்: அந்தச் சில சொட்டுகளே போதும். உருகிய சாக்லேட்டில் நீர் ஏறக்குறைய இல்லாததால், சிறிது ஈரம் பட்டதும் சர்க்கரைத் துகள்களும் கோகோத் துகள்களும் நனைந்து ஒட்டிக்கொள்கின்றன. வியப்பாக இருந்தாலும் இதற்கு மருந்து மேலும் நீர்தான். 60 கிராம் சாக்லேட்டுக்கு 1 டேபிள் ஸ்பூன் வீதம் சூடான நீரோ பாலோ விட்டுக் கலக்கினால் மீண்டும் இளகிவிடும். அது கேக் கலவையில் சேர்க்கவும் சாஸாக ஊற்றவும் உதவும். மேலே பூசி இறுக வைக்க மட்டும் உதவாது.

கேள்வி: வீட்டில் ரொட்டி செய்யும்போது மாவு நான்கு மணி நேரமாகியும் எழும்பவில்லை. ஈஸ்ட் புதியது. நன்றாகக் கொதித்த பாலில்தான் கரைத்தேன், ஏனென்றால் சூடு வேண்டும் என்று படித்திருந்தேன்.

பதில்: ஈஸ்ட் ஓர் உயிர் என்பதை மறந்துவிட்டால் இப்படித்தான் நேரும். அதற்கு வேண்டியது சூடல்ல, இளஞ்சூடு. உலர் ஈஸ்ட்டைக் கரைக்க 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் போதுமானது. மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்கும், சுடாது. 60 டிகிரி வந்தால் அது செத்துவிடும். கொதித்த பாலில் போட்ட அந்தக் கணமே உங்கள் ஈஸ்ட் முடிந்துவிட்டது. பிறகு நான்கு மணி நேரம் என்ன, இரவு முழுவதும் வைத்தாலும் பயன் இல்லை.

பாலை ஆற வைத்து, ஒரு சிட்டிகை சர்க்கரையுடன் ஈஸ்ட்டைக் கரைத்து, பத்து நிமிடம் மூடி வையுங்கள். மேலே நுரை எழுந்து, புளித்த மணம் வந்தால் தொடருங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் அரைக் கிலோ மாவை அதனுடன் சேர்த்து வீணாக்காமல் அங்கேயே நிறுத்திவிடலாம். நேரடியாக மாவில் கலக்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டுக்கு இந்தக் கரைத்தல் தேவையில்லை. அளவு மாற்றும்போதும் கவனம் வேண்டும்: செய்முறையில் 30 கிராம் புது ஈஸ்ட் (உலர்த்தாமல் ஈரக் கட்டியாக விற்பது) என்றிருந்தால், உலர் ஈஸ்ட் 12 கிராமும், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 10 கிராமும் போதும். உப்பு மாவின் எடையில் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். அது மிகுந்தால் ஈஸ்ட் சோர்ந்துவிடும், அறவே விட்டுவிட்டாலோ மாவு கட்டுக்கடங்காமல் எழும்பிச் சப்பென்று இருக்கும். சர்க்கரை அதிகமுள்ள இனிப்பு ரொட்டிகளும் மெதுவாகத்தான் எழும்பும், அவற்றுக்குப் பொறுமையாக நேரம் கொடுங்கள்.

கேள்வி: சூரியகாந்தி விதை போட்டுச் செய்த பிஸ்கட்டை மறுநாள் உடைத்துப் பார்த்தால் உள்ளே விதையைச் சுற்றிப் பச்சை நிறம்! பூஞ்சை என்று பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பதில்: ஒரே இரவில், விதையைச் சுற்றி மட்டும் படர்ந்த பச்சை என்பதால் அது பூஞ்சையாக இருக்க வாய்ப்பில்லை. சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. கலவை காரத்தன்மையோடு இருந்தால் அந்தப் பொருள் விதையின் புரதக் கூறுகளுடன் சேர்ந்து பச்சை நிறமாக மாறும். பிஸ்கட் ஆறி இருக்கும்போதும் அந்த மாற்றம் தொடர்வதால்தான் சுட்ட அன்று தெரியாதது மறுநாள் தெரிந்தது. அதைத் தின்பதால் கெடுதல் இல்லை. நீங்கள் எழுதிய அளவில் 1 டீஸ்பூன் சோடாவுக்குத் துணையாகப் புளிப்பு எதுவும் காணவில்லை. அடுத்த முறை சோடாவைப் பாதியாக்கி 1 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேருங்கள், அல்லது சோடாவை விட்டுவிட்டுப் பேக்கிங் பவுடரைப் போடுங்கள். விதை தன் நிறத்திலேயே இருக்கும்.